துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள்

காந்தி ஸ்டேடியத்தில் காலையில் நடக்கும் நண்பர்களுக்கும், அவர்களில் வரும் ஜனவரியில் சிங்கப்பூர் போய், மலேசியா பக்கம் சுற்றி வரும் உல்லாசக் கப்பல் ஏறப்போகும் 38 பேருக்கும்,

வணக்கம்.

ஒரு மாதமாக நடைபாதையில் கப்பல் பேச்சுதான். போன வருடம் நாங்கள் 22 பேர் போய் வந்ததால், சுற்று முடிந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் யாராவது கேட்கிறீர்கள்: "அக்கா, எப்படிங்க இருந்துச்சு?" நானும் "அருமையா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்துவிடுகிறேன். அது பாதி உண்மைதான். மீதியைச் சொல்லாமல் உங்களை அனுப்ப மனசு வரவில்லை. சேலத்திலிருந்து இப்போது வேறு குழுக்களும் கிளம்புகின்றன. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

முதலில் அந்தத் துண்டு விஷயம். ஒரு வருடமாக நெஞ்சில் கிடக்கிறது.

ஏற்காடு பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்து வளர்ந்தவர்கள் நாம். கோடை விழா சமயத்தில் அப்படிப் பிடிக்காவிட்டால் இருபது கொண்டை ஊசி வளைவும் நின்றுகொண்டேதான் போக வேண்டும். அதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. கப்பலில் இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கே எங்கள் குழுவில் ஒருவர் மேல்தளத்துக்குப் போய், நீச்சல்குளத்தை ஒட்டியிருந்த சாய்வு நாற்காலிகளில் பதினொன்றின் மேல் துண்டு விரித்துவிட்டு வந்தார். பறந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு செருப்பு, ஒரு கண்ணாடிக் கூடு, ஒரு தொப்பி. நல்லெண்ணத்தில் செய்ததுதான், எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்ற ஆசை. ஆனால் டிபன் முடித்து, போட்டோ எடுத்து, எங்கள் ஆட்கள் மேலே வந்து சேர்ந்தபோது மணி பத்தரை.

நான் எட்டு மணிக்கே போயிருந்தேன். ஒரு சீனப் பாட்டி, ஒரு கையில் கைத்தடி, இன்னொரு கையில் பேரன். ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி நாற்காலியில் கிடந்த துண்டின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். யாராவது குளித்துவிட்டுப் போட்டதா என்று பார்த்திருப்பார். துண்டு காய்ந்து, மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துப் படியின் விளிம்பில் மெதுவாக இறங்கி உட்கார்ந்து, பேரனுக்குச் செருப்பைக் கழற்றிவிட்டார். நான் எங்கள் துண்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு நாற்காலியைக் காட்டினேன். "உங்களுடையதா?" என்று சைகையில் கேட்டார். ஆமாம் என்று தலையாட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது.

பல கப்பல்களில் ஆள் இல்லாத நாற்காலியில் அரை மணி நேரத்துக்கு மேல் கிடக்கும் பொருளை ஊழியர்கள் எடுத்து வைத்துவிடுவார்கள். எடுப்பார்களா என்பதல்ல என் கேள்வி. பஸ்ஸில் இடம் பத்தாது, அதனால் துண்டு போட்டோம். கப்பலில் எழுந்தவர் இடத்தில் இன்னொருவர் உட்காரலாம், அவர் எழுந்ததும் நாம் உட்காரலாம். 38 பேரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால்தான் இடம் பத்தாமல் போகும்.

அடுத்தது ஒத்திகை. கப்பல் கிளம்பும் முன் எல்லோரையும் ஒரு இடத்துக்கு வரச் சொல்லி, உயிர்காப்புச் சட்டை எப்படிப் போடுவது, எந்தப் படகு நம்முடையது என்று காட்டுவார்கள். ஏழு முறை குட்டையாக, ஒரு முறை நீளமாகச் சங்கு ஊதினால் ஆபத்து என்று அர்த்தம். எங்கள் குழுவில் ஒரு தம்பதி, பயணக் களைப்பில், "சினிமாவுக்கு முன்னாடி போடற விளம்பரம் மாதிரிதானே" என்று கேபினில் படுத்துவிட்டார்கள். ஆள் தேடிப் போய்க் கூட்டி வரும்வரை எங்கள் இடத்தில் இருந்த நூறு பேருக்கு மேல் நின்றுகொண்டே இருந்தோம். கைக்குழந்தைக்காரர்களும் நின்றார்கள்.

அது விளம்பரம் இல்லை. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் ஜிலியோ தீவுக்குப் பக்கத்தில் பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போது விதி. அதற்குப் பிறகுதான் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள். 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. சில புதிய கப்பல்களில் வீடியோவைப் பார்த்துவிட்டு, உங்கள் இடத்துக்குப் போய்க் கப்பலில் கொடுத்த கார்டைக் காட்டினால் போதும். எந்த முறையானாலும் தயவுசெய்து முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். போகும்போது கேபினிலிருந்து அந்த இடத்துக்கு லிஃப்ட் இல்லாமல் படியிலேயே ஒரு முறை நடந்து பாருங்கள். தினமும் ஸ்டேடியத்தில் ஐந்து சுற்று நடக்கிறவர்களுக்கு அது ஒன்றும் பெரிதில்லை.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் ரைஸ் குக்கர், கெட்டில், எக்ஸ்டென்ஷன் போர்டு எல்லாம் கொண்டுவந்தார்கள். ஸ்கேனிங்கில் எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்காக அந்தக் காவலாளியிடம் சத்தம் போட்டது நியாயமே இல்லை. நடுக்கடலில் தீ பிடித்தால் எங்கே ஓடுவது? 2006 மார்ச்சில் கரீபியன் கடலில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் ஆரம்பித்த தீயில் ஒருவர் இறந்தார். அணைக்காமல் போட்ட சிகரெட்தான் காரணமாக இருக்கும் என்றார்கள். தினமும் பூஜை செய்கிற அம்மாக்களே, கேபினில் ஊதுபத்தி, கற்பூரம், விளக்கு எதுவும் கூடாது. பூ வைத்துக் கும்பிடுங்கள், போதும். அந்தப் பூவையும் கடலில் விடாதீர்கள். ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூரில் விடுவது நம் வழக்கம். கப்பலிலிருந்து கடலில் எதையும் எறியக் கூடாது என்பது சட்டம்.

சாப்பாடு பற்றித்தான் எல்லோரும் அதிகம் கவலைப்படுகிறீர்கள். வீட்டில் செய்த புளியோதரையை ஏற்ற விடமாட்டார்கள். கடையில் சீல் போட்ட பாக்கெட் என்றால் பெரும்பாலும் விடுவார்கள். சைவம் என்றால் டிக்கெட் போடும்போதே எழுதிக் கொடுங்கள். முதல் இரவே பரிமாறுபவரிடம் ஒரு முறை சொல்லிவிடுங்கள். நான்கு நாளும் சாதமும் பருப்பும் தேடி வந்தது எங்களுக்கு. கையால் சாப்பிட யாரும் தயங்க வேண்டாம். ஆனால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் உட்கார வேண்டும். வாசலில் வைத்திருக்கும் சானிடைசரைத் தேய்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸ் அதற்குச் சரியாக மசியாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

என் தப்பு ஒன்று. என் வீட்டுக்காரர் இன்சுலின் போடுகிறவர். மருந்தைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டேன். துறைமுகத்தில் மதியம் ஒரு மணிக்கு வாங்கிக்கொண்ட பெட்டி கேபின் வாசலுக்கு வந்தபோது இரவு ஒன்பது மணி. அதுவரை அவர் சாப்பிடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன். மருந்து, மருந்துச் சீட்டு, பாஸ்போர்ட், மூக்குக் கண்ணாடி, ஒரு மாற்று உடை எல்லாம் தோளில் மாட்டும் பையில் இருக்கட்டும்.

ஏற்காட்டு வளைவில் வாந்தி எடுக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். கப்பல் போகும் மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியானது. பஸ்ஸில் கடைசி சீட்டில் தூக்கிப் போடும், நடு சீட்டில் அவ்வளவு தெரியாது அல்லவா? கப்பலும் அப்படித்தான். கீழ்த்தளத்தில், நடுவில் இருக்கும் கேபினைக் கேளுங்கள். மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, குமட்டல் வரும் முன்பே போட வேண்டும். வந்த பிறகு போட்டுப் பயன் குறைவு. எலுமிச்சம்பழம் மோந்து பார்க்கிற பழக்கத்தையும் விட வேண்டாம், கப்பலில் கேட்டால் கொடுக்கிறார்கள்.

இப்போது பத்துமலை. கோலாலம்பூருக்கான துறைமுகமான போர்ட் கிளாங்கில் இறங்கியதும் எல்லோருக்கும் முருகனைப் பார்க்க வேண்டும். ஏத்தாப்பூர் பக்கம் புத்திரகவுண்டன்பாளையத்தில் நம் முத்துமலை முருகன் 146 அடி, பத்துமலை முருகன் 140 அடி என்று சொல்லிக்கொண்டே போனோம். போங்கள், பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் துறைமுகத்திலிருந்து சாலை நன்றாக இருந்தாலே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், குகைக்கு 272 படி ஏற வேண்டும், சாயங்காலம் கோலாலம்பூரில் வண்டி நகராது. எங்களில் நான்கு பேர் தனியாக டாக்சி பிடித்துப் போய், கப்பலின் ஏணிப்படியை எடுக்க இருபது நிமிடம் இருக்கும்போது வந்து சேர்ந்தார்கள். ஒரு அம்மா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கப்பல் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலா என்றால் வண்டி தாமதமானாலும் பெரும்பாலும் காத்திருப்பார்கள். விலை கூடுதல்தான், ஆனாலும் பத்துமலைக்கு அதையே எடுங்கள். பினாங்கில் அந்தச் செலவு வேண்டாம். கப்பல் ஜார்ஜ் டவுனிலேயே நிற்கும். குயீன் தெரு மாரியம்மன் கோயிலும் லிட்டில் இந்தியாவும் நடக்கும் தூரம்.

கைக்கடிகாரம் கட்டுங்கள், அதில் கப்பல் நேரத்தை வையுங்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஒரே நேரம். உங்கள் கப்பல் தாய்லாந்தின் புக்கெட் போகிறது என்றால், அங்கே ஒரு மணி நேரம் பின்னால். போன் தானாக மாறிக்கொள்ளும், கப்பல் மாறாமல் இருக்கலாம். போனை நம்பினால் ஒரு மணி நேரம் போச்சு. கப்பல் கிளம்பியதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். கடலில் அது கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொண்டு பெரிய பில்லைக் கொண்டுவரும்.

இரவு பத்து மணிக்கு மேல் தாழ்வாரத்தில் நின்று பேசாதீர்கள். சுவர் மெலிசு. வீடியோவையும் சத்தமாக வைக்க வேண்டாம்.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டில் ஒருவர் "நீங்க எவ்வளவு கட்டினீங்க?" என்று ஆரம்பித்தார். முன்பதிவு செய்த மாதத்தைப் பொறுத்து ஒரே மாதிரி கேபினுக்கு ஆளுக்கொரு விலை. அதிகம் கட்டியவர் முகம் வாடிப்போய், அதன்பிறகு யாரோடும் சரியாகப் பேசவில்லை. விலையைக் கிளம்பும் முன்பே, இங்கே பெஞ்சில் வைத்து, மறைக்காமல் ஒருவருக்கொருவர் சொல்லிவிடுங்கள். கப்பலில் வேண்டாம்.

எங்கள் கேபினைச் சுத்தம் செய்தது தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். ஊருக்குப் போய் ஏழு மாதம் ஆகிறது என்றான். கப்பல் ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு தர வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. அதைக் கழித்துப் பார்த்தால் அவன் நாள் எவ்வளவு நீளம் என்று தெரியும். எங்கள் குழுவில் சிலர் அவனை "ஏய்" என்று கூப்பிட்டார்கள். "தம்பி" என்று கூப்பிடுங்கள். பெயர் சட்டையிலேயே எழுதியிருக்கும். கடைசி நாள் நான் அம்மாவுக்கு என்று ஒரு பாக்கெட் தட்டுவடை கொடுத்தேன். "அம்மா கிட்ட எப்ப போய்ச் சேரும்னு தெரியலைங்க, நானே சாப்பிட்டுக்கறேன்" என்றான்.

காகித வேலையைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். மலேசியா போய்த் திரும்பவும் சிங்கப்பூருக்குள் வருவதால் சிங்கப்பூர் விசாவில் பலமுறை நுழைய அனுமதி இருக்க வேண்டும். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும். நம்மில் பலருக்கு இனிஷியல்தான் சிக்கல்: ஆதாரில் ஒன்று, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே டிக்கெட்டில் இருக்கட்டும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் அதை இங்கேயே விட்டுவிட வேண்டும். சிங்கப்பூரில் மெல்லும் புகையிலைக்குத் தடை. திருச்சியிலிருந்து பறக்கிறவர்கள் கப்பல் கிளம்பும் அன்று காலைதான் போய் இறங்குவது என்று திட்டம் போடாதீர்கள். விமானம் நான்கு மணி நேரம் தாமதமானால் கப்பல் போய்விடும். முந்தைய நாளே சிங்கப்பூரில் இருங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு, நடை முடிந்ததும், ஸ்டேடியம் வாசலில் இருப்பேன். பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கொண்டுவாருங்கள், பெயர்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துவிடலாம். சிங்கப்பூர் ஓட்டலுக்கான மூன்று முள் அடாப்டர் என்னிடம் நான்கு இருக்கிறது. யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
போன வருடம் போய் வந்த அஸ்தம்பட்டி அக்கா