ஐஸ் வாளிக்குள் கைவைக்கச் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

மே மாதத்து முதல் சனிக்கிழமை கனடாவின் சிம்கோ ஏரியில் வள்ளம் கவிழ்ந்து நானும் என் மருமகனும் தண்ணீருக்குள் விழுந்த கதை இப்போது ஸ்காபரோவில் பாதிப் பேருக்குத் தெரியும். அதற்குக் கையும் காலும் முளைத்துவிட்டது. எங்களை ஹெலிகொப்டரில் தூக்கினார்களாம் என்று ஒருவர் கடையில் வைத்து என்னிடமே சொன்னார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எங்களைத் தூக்கியது யார் என்பதைச் சரியாகச் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், குளிர்ந்த தண்ணீருக்குள் விழுந்தால் தப்புவது எப்படி என்று பயிற்சி தந்த தொண்டர்களிடம் ஒரு மன்னிப்பு. மார்ச் மாதம் சமூக நிலையத்து நீச்சல் தடாகத்தில் நீங்கள் நடத்திய வகுப்புக்கு நான் விரும்பி வரவில்லை. மனிசி பெயரைப் பதிந்துவிட்டாள், அதனால் வந்தேன். நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் பிறந்தவன். 1990இல் ஊரை விட்டு வெளிக்கிடும்வரை கடல்தான் எங்கள் முற்றம். விடியப்புறம் அப்பாவோடு கடலுக்குப் போய்ப் பழகியவனுக்கு நீலத் தரை போட்ட தடாகத்தில் வைத்துத் தண்ணீரைப் பற்றிப் பாடமா என்று பின்வரிசையில் இருந்து பகிடி விட்டது நான்தான். படகு ஓட்டுவதற்கான அட்டையும் என் பேர்சில் இருந்தது. 50 கேள்விக்குப் பதில் எழுதி எடுத்தது. அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் என்னோடு வாதாடவில்லை. ஒரு வாளியில் ஐஸும் தண்ணீரும் விட்டு, முழங்கைவரை கையை வைக்கச் சொன்னீர்கள். மூன்று நிமிடம். பிறகு மேசையில் கிடந்த பத்துச் சதக் குற்றியை எடுக்கச் சொன்னீர்கள். விரல் போகிறது, குற்றி வரவில்லை. மேசை விளிம்புவரை தள்ளிக்கொண்டு போய் மற்றக் கையில் விழுத்தித்தான் எடுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் குற்றி மனதுக்குள் கிடந்தது.

வயதானவர்களுக்காகத் தமிழில் சொல்லித்தந்த அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி. மனிற்றோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், தன் உடம்பையே பல தடவை குளிர்வித்துப் பார்த்து ஆராய்ந்தவர், சொல்லிவைத்த ‘ஒன்று-பத்து-ஒன்று’ கணக்கை நீங்கள் ஒரே வரியில் சொன்னீர்கள்: “முதல் ஒரு நிமிசம் மூச்சுக்கு, அடுத்த பத்து நிமிசம் கைகாலுக்கு, மிச்சம் ஒரு மணித்தியாலம் உயிருக்கு.” மூச்சை அடக்க ஒரு நிமிசம், கைகால் வேலை செய்வது பத்து நிமிசம், குளிரில் மயங்குவதற்கு ஒரு மணித்தியாலம் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் கேட்டபோது அது எனக்கு வெறும் எண். தமிழில் கேட்டபோதுதான் ஒட்டியது.

சரி, நடந்ததற்கு வருகிறேன். பிழை முழுவதும் என்னுடையது. 14 அடி அலுமினிய வள்ளம். மருமகனின் தூண்டிலில் பெரிய மீன் ஒன்று மாட்ட, வலையோடு நானும் அதே பக்கம் எழும்பிச் சாய்ந்தேன். ஊரில் சின்னப் பெடியனுக்கும் தெரியும், வள்ளத்தில் இரண்டு பேர் ஒரு பக்கம் சாயக் கூடாதென்று. காற்றுகூட இல்லை. ஏரி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. மேலே 18 பாகை வெயில், எல்லோரும் அரைக்கைச் சட்டையோடு திரிகிற நாள். மீன் பார்க்கும் கருவியில் தண்ணீர் 7 பாகை என்று காட்டியதை இரண்டு பேரும் பார்த்தோம், கணக்கெடுக்கவில்லை. ஏப்ரலில்தான் ஐஸ் போன ஏரி அது.

எங்கள் ஊர்க் கடலில் விழுந்தால் தண்ணீர் அணைத்துக்கொள்ளும். இது அடித்தது. நெஞ்சில் பட்டவுடன் மூச்சு என்னைக் கேட்காமலே உள்ளே இழுத்தது, பிறகு நாய் இளைப்பதுபோல நிற்காமல் இழுத்துக்கொண்டே இருந்தது. லைஃப் ஜக்கெட் போட்டிருக்காவிட்டால் அந்த முதல் இழுப்பிலேயே ஏரியைக் குடித்திருப்பேன், எவ்வளவு நீச்சல் தெரிந்தும். அதைப் போட்டிருந்ததும் என் கெட்டித்தனம் இல்லை. பெரியவர்கள் போட்டிருக்கத் தேவையில்லை, ஜக்கெட் வள்ளத்தில் இருந்தால் போதும் என்பதுதான் சட்டம், அதைச் சொல்லித்தான் நான் எப்போதும் மழுப்புவேன். அன்று இறங்குதுறையில் நின்று, கொளுவியைத் தன் கையாலேயே பூட்டிவிட்டுத்தான் மனிசி காருக்குத் திரும்பினாள்.

கரை கிட்டத்தான் தெரிந்தது. முந்நூறு மீற்றர் இருக்கும். நீந்திவிடலாம் என்று திரும்பினேன். “மாமா, வேண்டாம்! மூச்சு, மூச்சு!” என்று கத்தினான் மருமகன். பதினாறு வயது. வகுப்புக்கு என்னோடு துணைக்கு வந்தவன், நான் பகிடி விட்ட நேரமெல்லாம் கவனித்திருக்கிறான். மூச்சு அடங்கும்வரை இரண்டு பேரும் சும்மா மிதந்தோம். அப்புறம் கைகால் வேலை செய்யும்போதே, கவிழ்ந்து கிடந்த வள்ளத்தின் மேல் ஏறினோம். முழங்காலுக்குக் கீழே தண்ணீருக்குள்தான், ஆனால் நெஞ்சும் வயிறும் வெளியே. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும் என்று நீங்கள் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நீர் புகாத உறைக்குள் கைபேசி கழுத்தில் தொங்கியது. உறையின் சிப்பைத் திறக்க முடியவில்லை. திரும்பவும் அந்தப் பத்துச் சதக் குற்றி! பல்லால் இழுத்தும் வரவில்லை. விசிலுக்கு விரல் தேவையில்லை. வகுப்பில் நீங்கள் ஆளுக்கொன்று ஜக்கெட்டில் கட்டிவிட்ட, உள்ளே உருண்டை இல்லாத விசில். நனைந்தாலும் கத்தும். மும்மூன்று தடவையாக மாறி மாறி ஊதினோம்.

அந்தச் சத்தத்தைக் கேட்டு வந்த கரையோர வீட்டுத் தம்பதிக்கு என்ன சொல்வது! ஐயா, எழுபது கடந்தவர் நீங்கள். பொன்ரூன் என்கிற தட்டை மிதவைப் படகை முதல் நாள்தான் தண்ணீரில் இறக்கியிருந்தீர்களாம். எஞ்சினை நிறுத்திவிட்டு மிதக்கும் கயிற்றை எறிந்தீர்கள். பிடிக்க விரல் மடங்கவில்லை, முழங்கையை மடக்கிக் கயிற்றைக் கோர்த்துக்கொண்டோம். எழும்ப வேண்டாம், படுங்கள் என்றீர்கள். குளிர்ந்த உடம்பைச் சட்டென்று நிமிர்த்தினால் காப்பாற்றிய பிறகும் ஆள் சரிந்துவிடலாம் என்பது உங்களுக்கு எங்கிருந்து தெரியும் என்று கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை, நாக்கு தடித்திருந்தது. அம்மா, நீங்கள் ஈர உடுப்பைக் கழற்றி, கம்பளியைக் கைகாலில் இல்லாமல் நெஞ்சைச் சுற்றிப் போர்த்தீர்கள். கையைத் தேய்த்துவிடப் போன மருமகனையும் தடுத்தீர்கள். பிறகு சீனி கூடின சூடான சொக்லேற் பால், எங்கள் ஊர்த் தேத்தண்ணி மாதிரியே.

அம்புலன்ஸில் வந்த இருவருக்கும், ஆஸ்பத்திரியில் மூன்று மணித்தியாலம் எங்கள் சூட்டை அளந்துகொண்டே இருந்த தாதிக்கும் நன்றி. எனக்கு 34.6, மருமகனுக்கு 35.2. அவன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

மனிசிக்கு நேரில் சொல்லியாகிவிட்டது, இங்கே எழுதினால் இன்னொரு தடவை சொல்லிக் காட்டுவாள்.

ஐயா, உங்கள் பச்சை நிறத் தடித்த மேற்சட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன், வருகிற ஞாயிறு கொண்டுவருகிறேன். கொஞ்சம் மீன் கட்லெற்றும் வரும், மீன் கடையில் வாங்கியதுதான். பயிற்சிக்காரரே, வரும் மார்ச் வகுப்புக்கு ஐஸ் மூட்டை தூக்க ஆள் வேண்டுமென்றால் நான் நிற்கிறேன். பின்வரிசையில் யாராவது மயிலிட்டியான் இருந்து பகிடி விட்டால், வாளியை அவனிடம் நானே கொண்டுபோய் வைக்கிறேன்.

அன்புடன்,
முன்பு பின்வரிசையில் இருந்தவன்