கண் முகாம் அறிவிப்பில் இன்னும் இரண்டு வரி சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வரும் 'இலவச கண் பரிசோதனை முகாம்' அறிவிப்புகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இடம், நேரம், தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், ஆதார் நகல் கொண்டு வரவும் என்று எல்லாம் போடுகிறீர்கள். கண்ணைப் பார்க்கப் போவது யார், கண்ணில் எதையெல்லாம் பார்ப்பார்கள் என்பது மட்டும் இருப்பதில்லை. அதனால் என்ன ஆகிறது என்றால், ஜனங்கள் போய் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டி, கண்ணாடிக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு, 'கண் செக்கப் பண்ணியாச்சு, ஒன்றும் இல்லையாம்' என்று நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். அந்த நிம்மதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எங்கள் அத்தை நிலக்கோட்டைப் பக்கம் பூ கட்டுகிறவர். நாற்பது வயதில் வெள்ளெழுத்து வந்ததும் கடையில் கண்ணாடி வாங்கிப் போட்டார், அப்புறம் மங்கலாகத் தெரிகிறது என்று தோன்றும்போதெல்லாம் கடைக்கோ முகாமுக்கோ போய்ப் பவர் மாற்றிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் கடைசி வரி வரை படித்துவிடுவார், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மல்லிகையை இரண்டிரண்டாக எடுத்து நாரில் முடிவதில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் நடக்கும்போது இடது தோள் நிலைப்படியில் இடிக்கும், பக்கத்தில் வைத்த காபி டம்ளரைக் கை தட்டிவிடும், சைக்கிள் வந்தால் மேலே உரசும் வரை தெரியாது. வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிட்டோம்.

மதுரையில் ஒரு கண் டாக்டர் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தாடையை ஸ்டாண்டில் வைக்கச் சொல்லி, மரத்துப்போகும் சொட்டு விட்டு, நீல விளக்கை விழி மேல் லேசாகத் தொட வைத்து அழுத்தம் பார்த்தார். கண் பாப்பா விரிய மருந்து விட்டுப் பின்னால் இருக்கும் பார்வை நரம்பைப் பார்த்தார். அப்புறம் ஒரு கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டு, எங்காவது வெளிச்சம் மின்னினால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். பக்கத்தில் நின்ற எனக்கு பட்டன் சத்தமே அபூர்வமாகத்தான் கேட்டது. ரிப்போர்ட்டில் ஓரமெல்லாம் கறுப்பு, நடுவில் கொஞ்சம் வெள்ளை. கண் நீர் அழுத்த நோய், கிளாக்கோமா என்பார்களே அதுதான். நடுப்பார்வை கடைசி வரை நிற்கும், அதனால் பலகையைப் படிக்க முடியும், நார் கட்ட முடியும், ஓரப் பார்வைதான் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் தினமும் சொட்டு மருந்து. அத்தை இப்போது ஒரு வேளை கூடத் தவறாமல் விடுகிறார்.

இதில் கண்ணாடிக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வேலை பவர் பார்ப்பது, அதை அவர் சரியாகவே பார்த்தார். முகாமில் பார்த்தவரும் தனக்குச் சொன்னதைச் செய்தார். யாருக்கு எது வேலை என்பது நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அதுதான் குறை.

கண்ணைப் பார்ப்பவர்களில் பல வகையினர் இருக்கிறார்கள். கடையில் ஆட்டோரெஃப் மெஷினில் முகத்தை வைக்கச் சொல்லி 'கம்ப்யூட்டர் டெஸ்ட்' செய்பவர் பவரை மட்டும் பார்க்கிறார். ஆப்டோமெட்ரிஸ்ட் என்பவர் அதற்கென்று நான்கு வருடம் படித்தவர், பவர், கான்டாக்ட் லென்ஸ், மாறுகண் இதெல்லாம் நன்றாகப் பார்ப்பார், நோய்க்கான அறிகுறி தெரிந்தால் டாக்டரிடம் அனுப்புவார். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் கண் மருத்துவ உதவியாளர் இருக்கிறார், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பார்வை பார்ப்பது, புரை உள்ளவர்களைக் கண்டுபிடித்து அனுப்புவது என்று பெரிய வேலையை அமைதியாகச் செய்கிறவர்கள் இவர்கள். கண் டாக்டர் என்பவர் எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம் முடித்து, அதற்கு மேல் கண்ணுக்கென்றே எம்.எஸ். அல்லது டி.என்.பி. அல்லது டி.ஓ. படித்தவர். நோயைக் கண்டுபிடிப்பது, மருந்து எழுதுவது, லேசர், ஆபரேஷன் எல்லாம் அவர் பொறுப்பு. அவர்களுக்குள்ளும் கண்ணின் உள்ளே பின்பக்கம் இருக்கும் விழித்திரைக்கு ஒருவர், கருவிழிக்கு ஒருவர், கிளாக்கோமாவுக்கு ஒருவர், குழந்தைகளுக்கு ஒருவர் என்று தனித்தனியாகப் பயிற்சி எடுத்தவர்கள் உண்டு. போர்டில் வெறுமனே எம்.எஸ். என்று இருந்தால் எதில் எம்.எஸ். என்று கேட்டுக்கொள்வது நல்லது, பொது அறுவை சிகிச்சைக்கும் அதே இரண்டு எழுத்துதானே. கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, இதை நான் ரொம்ப நாளாக யோசித்திருக்கிறேன். புரை ஆபரேஷன் இங்கே அவ்வளவு நன்றாக நடக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிற இடம். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே செய்ய 1992இல் ஆரோலேப் தொடங்கியதால்தான் அதன் விலை ஏழைக்கு எட்டும் அளவுக்கு இறங்கியது. சாலையோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டி கூட பஸ் ஏறிப் போய் ஆபரேஷன் செய்து பச்சைத்துணி கட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதனாலேயே கண் மங்கினால் அது புரைதான், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், 'இன்னும் முத்தட்டும்' என்று உட்கார்ந்துவிடுகிறோம். புரைக்குக் காத்திருந்தாலும் பெரும்பாலும் பார்வை திரும்பக் கிடைத்துவிடும். கிளாக்கோமாவுக்கும் சர்க்கரை கெடுத்த விழித்திரைக்கும் அந்தச் சலுகை கிடையாது.

சர்க்கரை உள்ளவர்கள் இதை நிச்சயம் கவனிக்க வேண்டும். டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த உடனே ஒரு முறை, அதற்கப்புறம் வருடா வருடம் விழித்திரையைக் காட்ட வேண்டும். பார்வை தெளிவாக இருக்கும்போதே உள்ளே ரத்தக் கசிவு ஆரம்பித்திருக்கும், அந்தக் கட்டத்தில் லேசரோ ஊசியோ போட்டுத் தடுத்துவிடலாம். கடையில் பவர் பார்ப்பதில் இது தெரியவே தெரியாது. மருந்து விட்டு விரித்துப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் படிக்க முடியாது, வெயில் கூசும், அதனால் வண்டி ஓட்டிக்கொண்டு போகாமல் கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போவது நல்லது. இந்தத் தொந்தரவுக்குப் பயந்து 'சொட்டு வேண்டாம் டாக்டர்' என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

முகாமுக்காகக் காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. கண்ணில் திடீரென்று மின்னல் மின்னி, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்து, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல இருந்தால் விழித்திரை பிரிகிறது என்று அர்த்தம், அன்றைக்கே போக வேண்டும். கண் சிவந்து, தாங்க முடியாத வலியோடு வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தால் அழுத்தம் ஒரேயடியாக ஏறியிருக்கிறது. பித்தம் என்று நினைத்து மாத்திரை விழுங்கி ஒரு ராத்திரியைக் கழித்தால் பார்வை போகலாம். குழந்தை கண்ணில் வெற்றிலைச் சுண்ணாம்பு பட்டுவிட்டால் எந்த டாக்டரையும் தேடுவதற்கு முன்னால் குழாயடியில் நிறுத்திக் கண்ணைத் திறந்து பிடித்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நன்றாகக் கழுவிய பிறகுதான் ஆஸ்பத்திரி. 34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது இதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அறுப்புச் சமயத்தில் நெல் உமியோ சோளத் தோகையோ கருவிழியில் கீறிவிட்டால், தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, நாக்கால் தூசி எடுப்பவரிடம் போவது என்று இன்னும் நடக்கிறது. அதைவிட மோசம், மெடிக்கலில் 'கண் சிவப்புக்கு ஒரு சொட்டு' என்று கேட்டு வாங்குவது. அதில் பல சமயம் ஸ்டீராய்டு இருக்கும். விட்ட உடனே சிவப்பு குறையும், உள்ளே பூஞ்சைப் புண் இருந்தால் அது தங்குதடையில்லாமல் வளரும். மெட்ராஸ் ஐ வந்த சமயம் வாங்கிய பழைய பாட்டிலை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கும் வழி இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண் பிரிவு இருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது, உலகத்திலேயே மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று, அங்கே ஏழை பணக்காரர் யாரும் போகலாம். சின்ன ஊர்களில் அரவிந்தின் விஷன் சென்டர்கள் இருக்கின்றன, அங்கே பயிற்சி பெற்றவர் கண்ணைப் பரிசோதித்துப் படம் அனுப்ப, பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பேசி முடிவு சொல்கிறார். வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ கிளாக்கோமா இருந்தால் நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் ஒரு தடவை போய்விட வேண்டும். அழுத்தம் சாதாரணமாக இருந்தும் நரம்பு கெடுவது உண்டு, ஆகவே அழுத்தம் மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வராமல் நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இதைக் கேள்விப்பட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் அண்ணனும் நானும் போனோம்.

ஆசிரியர் அவர்களே, முகாம் நடத்துபவர்கள் அறிவிப்பு அனுப்பும்போது அவர்களிடம் உங்கள் நிருபர் இரண்டு விஷயம் கேட்டு வாங்கிப் போடட்டும். முகாமுக்குக் கண் டாக்டர் வருகிறாரா, இல்லை பவர் மட்டும் பார்க்கிறார்களா என்பது ஒன்று. கண் அழுத்தமும் விழித்திரையும் பார்ப்பார்களா, நோய் இருந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள் என்பது இன்னொன்று. பவர் மட்டும் பார்க்கிற முகாம் என்றால் அப்படியே 'கண்ணாடி முகாம்' என்று தலைப்புப் போட்டுவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை, கண்ணாடி தேவைப்படுகிறவர்கள் ஏராளம். முடிந்தால் அந்தந்த வட்டாரத்தில் கண் மருத்துவ உதவியாளர் எந்தக் கிழமை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார் என்பதையும் மாதம் ஒரு முறை வெளியிடுங்கள். உங்கள் பேப்பரை டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படிக்க நாலு பேர் கேட்கிற ஊர் எங்களுடையது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நிலக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டம்.