நாமா, நாங்களா?

அன்புள்ள மாப்ள,

ஊர் போய்ச் சேர்ந்த அன்றைக்கு நீ வாட்ஸப்பில் அனுப்பியது இது: "என்னால உன் ட்ரெக் கெட்டுப்போச்சுடா, மன்னிச்சிரு." பதிலுக்கு நான் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். மூன்று வாரமாக அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. வாட்ஸப்பில் அடங்காது என்பதால் இந்தக் கடிதம். பொதுவில் போடட்டுமா என்று கேட்டதற்கு, "பேர மட்டும் போடாத, அம்மா படிக்கும்" என்றாய். போடவில்லை.

நீ கணக்கு வாத்தியார். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். முப்பது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து லிமாவில் வந்து இறங்கினாய். லிமா பெரு நாட்டின் தலைநகர், கடற்கரை ஊர். மறுநாள் ராத்திரியே உன்னை பஸ்ஸில் ஏற்றினேன். எட்டு மணி நேரம். நடுவில் கொனோகோச்சாவில் 4,000 மீட்டரைத் தாண்டி, விடியும்போது உவாராஸ், 3,050 மீட்டர். அங்கே ஒரே ஒரு இரவு. அடுத்த இரவு யாமாகொரால், 3,760. அதற்கடுத்த இரவு தௌயிபம்பா, 4,250. மூன்றாம் நாள் காலையில் 4,750 மீட்டரில் இருக்கும் புந்தா உனியோன் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்குவது என்பது திட்டம்.

மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனால் படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. இது மலையேறுபவர்களின் பாலபாடம். முதல் தாவலே 710. விவரம் தெரிந்தவர்கள் உவாராஸில் இரண்டு மூன்று நாள் தங்கி, பகலில் வில்காகோச்சா ஏரிக்கோ சுரூப் ஏரிக்கோ ஏறி, ராத்திரி உவாராஸுக்கே வந்து தூங்குவார்கள். உடம்பு புதுக் காற்றுக்குப் பழகிய பிறகுதான் நாம் நடந்த இந்த சாந்தா குரூஸ் பள்ளத்தாக்கு. இது எனக்குத் தெரியாமல் இல்லை. உன்னிடம் இருந்தது 12 நாள். அதில் மச்சு பிச்சுவையும் நுழைத்தேன். நீ கேட்கவே இல்லை. "எங்க கூட்டிட்டுப் போனாலும் சரி" என்றுதான் சொன்னாய்.

உண்மையைச் சொல்கிறேன். இங்கே வந்த மூன்று வருடமாக எனக்கு அந்தக் கணவாய் மேல் ஒரு கண். தனியாகப் போகத் துணிச்சல் இல்லை, துணைக்கு ஆள் இல்லை. விருந்தாளிக்கு ஊர் காட்டுகிற பேரில் என் ஆசையைத் தீர்த்துக்கொள்ளப் பார்த்தேன். அவ்வளவுதான்.

"வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுறவன்டா நான்" என்று நீ சொன்னதை வேறு வசதியாகப் பிடித்துக்கொண்டேன். கால் பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தௌயிபம்பாவில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைவு. மாரத்தான் ஓடுபவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், தொப்பை வைத்தவன் பக்கத்தில் சூப் குடித்துக்கொண்டிருப்பான். (தொப்பை வைத்தவன் யார் என்று உனக்குத் தெரியும்.)

ஆனால் அந்த முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது, இல்லையா? நடை தொடங்கும் ஊரான கஷாபம்பாவில் அரியேரோ, அதாவது சுமை தூக்கும் கழுதைகளை ஓட்டிவரும் பெரியவர், இரண்டு கழுதைகளோடு நின்றிருந்தார். கூடாரம், அடுப்பு, அரிசி எல்லாவற்றையும் அவர் கயிற்றில் கட்டிய வேகத்தை நீ வாயைப் பிளந்து பார்த்தாய். லிமாக்காரர்கள் தங்கள் ஊரின் சாம்பல் வானத்தைக் 'கழுதை வயிறு' என்பார்கள் என்று சொன்னேன். நீ குனிந்து கழுதையின் அடிவயிற்றைப் பார்த்துவிட்டு, "கரெக்டாத்தான்டா சொல்லிருக்கானுக" என்றாய்.

மத்தியானம் அவர் அவித்த உருளைக்கிழங்கைத் துணியிலிருந்து அவிழ்த்தார். ஊதா ஒன்று, மஞ்சள் ஒன்று, விரல் மாதிரி முண்டும் முடிச்சுமாக ஒன்று. ஆண்டிஸ் முழுக்க 4,000க்கு மேல் ரகம் இருக்கிறது. இதற்கென்றே லிமாவில் 1971 முதல் ஒரு சர்வதேச மையம் இயங்குகிறது. நீ உன் பையிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட இட்லிப் பொடியை எடுத்தாய். அவர் ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். அப்புறம் கிழங்கையே அதில் புரட்ட ஆரம்பித்தார். உருளைக்கிழங்கு இந்த மலையின் சொத்து. மிளகாயும் இந்தக் கண்டத்துச் சரக்குதான், போர்ச்சுகீசியர் கப்பலில் நம் பக்கம் வந்தது. நானூறு, ஐந்நூறு வருடம் கழித்து உன் அம்மாவின் மிக்ஸியில் அரைபட்டு ஊர் திரும்பியிருக்கிறது.

இரண்டாம் நாள் ஏரிகள். பிறகு அந்த மணல்வெளி. 2012 பிப்ரவரியில் மேலே ஒரு பனிமலை ஏரி உடைந்து, வெள்ளம் பள்ளத்தாக்கின் அடியையே வழித்துக்கொண்டு போனதில் உண்டானது அது. அங்கே நடக்கும்போதே உன் பேச்சு குறைந்துவிட்டது. நான் கவனித்தேன். களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தௌயிபம்பாவுக்கு நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தலைக்கு நேர் மேலே தௌயிராஹு. வெயில் சாயச் சாய அந்தப் பனிச்சுவர் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கடைசியில் சாம்பலானது. நான் படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். உன் முகத்தை எடுத்த படம் ஒன்றுகூட இல்லை என்று இங்கே வந்த பிறகுதான் பார்த்தேன். "லேசாத் தலவலிக்குது" என்றாய். "தண்ணி குடி, சரியாயிரும்" என்றேன். அந்த உயரத்தில் வரும் தலைவலியை, வேறு காரணம் தெரிகிறவரை, மலைநோயின் தலைவலி என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஏறுவதற்கு முந்தின நாளே தொடங்கியிருக்க வேண்டிய மாத்திரை என் பையின் அடியில் அட்டை பிரிக்காமல் கிடந்தது. பெரியவர் கொடுத்த கோகா இலையை மென்றாய். அது வலியைக் கொஞ்சம் மறக்க வைக்கும். மற்றபடி, உடம்பைப் பழக்கும் வேலையை நாட்கள்தான் செய்ய வேண்டும்.

ராத்திரி இரண்டு தடவை வாந்தி எடுத்தாய். டார்ச் வெளிச்சத்தில் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன், மூளை வீங்கினால் முதலில் தள்ளாடும் என்று படித்திருந்ததால். நீ நேராக நடந்தாய். "ஊர்ல போலீஸ்காரன்கூட இப்படி நடக்கவிட்டதில்லடா" என்று வேறு சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணாந்து பார்த்தேன். பால்வீதி உச்சியில் கிடந்தது. நாம் நட்சத்திரங்களைக் கோர்த்து உருவம் பார்க்கிறோம். இந்த மலைக்காரர்கள் பால்வீதியின் இருட்டுத் திட்டுகளிலும் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒரு லாமா நிற்கும், சென்டாரஸ் நட்சத்திரக் கூட்டத்தின் இரண்டு நட்சத்திரம் அதற்குக் கண். அந்த நேரத்தில்கூட என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? 'காலைல தெளிஞ்சிருவான், ஒம்போது மணிக்குக் கணவாய்.'

நாலரைக்குப் பெரியவர் கூடாரத் துணியைத் தட்டினார். உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாஹாமோஸ்" என்றார். இறங்குகிறோம். ஒரே ஒரு வார்த்தை. விடிந்த பிறகு பார்க்கலாமே என்று ஸ்பானிஷில் இழுத்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் கழுதையைக் கட்டப் போய்விட்டார். நான் எடுத்திருக்க வேண்டிய முடிவை அவர் எடுத்தார். அதுவும் நாலு நாள் கூலி பேசிய மனிதர், மூன்றாவது நாளே முடிந்துவிடும் என்று தெரிந்தும்.

கழுதை மேல் ஏறிக்கொள் என்று அவர் சைகை காட்டியபோது, "மதுரக்காரன கழுத மேல ஏத்தி ஊர்வலம் விடப் பாக்குறியா? கரும்புள்ளி செம்புள்ளி எங்கடா?" என்று நீ கேட்டாய். அந்த நிலைமையிலும்! ஏறவில்லை. நடந்தே இறங்கினாய். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருபதடி முன்னால் போனேன். நீ எழுதியிருந்த 'மன்னிச்சிரு'வுக்கு விதை அங்கேதான் விழுந்தது என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

உயரம் குறையக் குறைய உன் குரல் திரும்பி வந்தது. ஹாத்துன்கோச்சா கரையில் உட்கார்ந்தபோது, இந்தப் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாய். ஹாத்துன் என்றால் பெரிய, கோச்சா என்றால் ஏரி. கீழே இருப்பது இச்சிக்கோச்சா, சின்ன ஏரி. "அப்ப நம்மள மாதிரித்தான், பெரிய ஏரி, சின்ன ஏரி" என்றாய். ஆமாம், ஸ்பானிஷில் 'ஏரி பெரிய' என்று திருப்பிப் போட வேண்டும். பெரியவரின் மொழியான கெச்சுவாவில் நம்மைப் போலவே அடை முன்னால், வினை கடைசியில். ஒட்டுகளும் ஒன்றன் பின் ஒன்றாகச் சேரும்: மார்க்கா என்றால் ஊர், மார்க்கான்சிக் நம் ஊர், மார்க்கான்சிக்சௌ நம் ஊரில். இரண்டுக்கும் உறவு என்று யாரும் கிளம்ப வேண்டாம். உறவு கிடையாது, ஒற்றுமை மட்டும்தான்.

உனக்கு அது பிடித்துவிட்டது. 'நாங்க'ளுக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்கச் சொன்னாய். நான் ஸ்பானிஷில் 'நோசோத்ரோஸ்' என்பதற்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டேன். பெரியவர் திருப்பிக் கேட்டார்: "எந்த நோசோத்ரோஸ்?" தன்னையும் கழுதைகளையும் காட்டி, உன்னைத் தள்ளுவது போல் கையை வைத்து, "நொகாகூனா" என்றார். பிறகு கையை விரித்து எல்லாரையும் வாரிக்கொள்வது போல் காட்டி, "நொகான்சிக்" என்றார். நீ துள்ளி எழுந்தாய். "டேய், நாங்களும் நாமும்டா!" ஸ்பானிஷ்காரனுக்கு இல்லாதது, இங்கிலீஷ்காரனுக்கு இல்லாதது, இந்த மனிதருக்கும் நமக்கும் இருக்கிறது. முந்தின ராத்திரி வாந்தி எடுத்த ஆள் அங்கே வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாய்.

நீ முகம் கழுவப் போனபோது அவரிடம் ஒன்று கேட்டேன். உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. காலையில் 'பாஹாமோஸ்' என்றீர்களே, அது எந்த 'நாம்'? அவனும் நீங்களும் மட்டுமா, நானும் சேர்த்தியா? நான் தனியாக மேலே போகலாமா என்று அந்த நேரம் வரைக்கும் மனதில் ஓர் ஓரத்தில் இருந்தது, மாப்ள. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நொகான்சிக்" என்று சொல்லிவிட்டு, கழுதையின் வயிற்றுக் கயிற்றை இறுக்கினார்.

கஷாபம்பாவில் அவர் வீட்டில் கொடுத்த தோகோஷ் உனக்கு நினைவிருக்கும். மூக்குக்கு நிச்சயம் இருக்கும். உருளைக்கிழங்கை வைக்கோல் சுற்றி, ஓடும் தண்ணீர்ப் பள்ளத்தில் மாதக்கணக்கில் புளிக்கவிட்டு, அப்புறம் பட்டை, கிராம்பு, வெல்லம் போட்டுக் காய்ச்சிய கூழ். நான் இரண்டு வாயோடு நிறுத்திக்கொண்டேன். நீ கிண்ணத்தை வழித்துவிட்டு, "பழைய சோத்துக்கு அண்ணன்டா இது" என்றாய்.

மறுநாள் கையில் ஒரு நாள் மிச்சமிருந்ததால்தான் யுங்காயில் இறங்கினோம். கணவாயைத் தாண்டியிருந்தால் வேனிலிருந்து ஜன்னல் வழியாகக் காட்டிவிட்டுப் போயிருப்பேன். 1970 மே 31, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மெக்சிகோவில் உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்கிய அதே நாள். நிலம் ஆடியது. உவாஸ்கரான் மலையின் வடக்கு முகட்டிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து சில நிமிடங்களில் ஊர் மொத்தமும் புதைந்தது. மாநிலம் முழுக்க இறந்தவர்கள் ஏறக்குறைய 70,000 பேர். இன்று அங்கே ரோஜாத் தோட்டமும் சிலுவைகளும்தான். அன்று சதுக்கத்துப் பனைகள் நான்கு மட்டும் மண்ணுக்கு மேல் தலைநீட்டி நின்றன. மேட்டிலிருந்த கல்லறைத் தோட்டத்துக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். "செத்தவங்க பக்கம் ஓடுனவன் பொழச்சிருக்கான்" என்றாய் நீ. அப்புறம் வெகுநேரம் அங்கேயே நின்றாய். கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த தடவைக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். மேயிலிருந்து செப்டம்பருக்குள் வா, அதற்கப்புறம் மழை. உவாராஸில் மூன்று இரவு, அதில் பேரம் கிடையாது. மச்சு பிச்சு வேண்டாம், அது எங்கேயும் ஓடிப் போகாது. தலை வலித்தால் உடனே வாயைத் திறந்து சொல், நான் தண்ணி குடி என்று சொன்னால் செருப்பால் அடி.

போன வாரம் பெரியவர் போன் செய்தார். உன் தலை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, அந்தச் சிவப்புப் பொடி இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். நீ விட்டுப் போன பொட்டலத்தை நான் பத்து நாளில் காலி செய்துவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கூரியரில் அனுப்பச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அம்மாவிடம் கேட்டு அரைக் கிலோவாவது அனுப்பு. எள் கொஞ்சம் தூக்கலாக.

இப்படிக்கு,
லிமாவிலிருந்து உன் தொப்பைக்காரன்