கேட்டதற்கு மார்க் குறைந்த கதை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. சாக்குச் சொல்லப் போவதில்லை, சோம்பல்தான். கழுத்து வலி போய்விட்டதாக எழுதியிருந்தாய். அறுவை ரோபோவை இயக்கும் கன்சோலுக்குள் தலையை நுழைத்து மணிக்கணக்காக உட்காருகிறவர்களை அது அவ்வளவு சுலபத்தில் விடாது, கவனமாக இரு.

சரி, நீ கேட்ட மதிப்பெண் தாள். ரோபோ மூலம் புராஸ்டேட் அறுவை செய்யப் பயிற்சி தொடங்கப் போகிறீர்கள் என்றதும் நம் காலம்தான் நினைவுக்கு வந்தது. செய்த அறுவைகளைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் எண்ணிக்கை சரியாக இருந்தால் பெரியவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். எத்தனை என்பதுதான் கேள்வி. எப்படி என்று கேட்டவர் யார்?

இணைத்திருப்பது கியர்ஸ் என்ற மதிப்பெண் தாள், 2012-இல் வந்தது. ஆழத்தைக் கணிப்பது, இரண்டு கைகளையும் ஒத்து இயக்குவது, வீண் அசைவு இல்லாமல் செய்வது, திசுவிடம் காட்டும் பதம், உதவியின்றிச் செய்வது, ரோபோவைக் கையாள்வது என்று ஆறு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5, மொத்தம் 30. நாம் பழகிய ரோபோவில் தொடுவுணர்வு கிடையாதே, அதனால் பதத்தைக் கண்ணால்தான் அளக்க வேண்டும். நூல் அறுகிறதா, பிடித்த இடம் வெளுத்துப்போகிறதா, ஊசி ஏறிய பாதையில் யூரித்ரா (சிறுநீர் வெளியேறும் குழாய்) கிழிகிறதா என்று பார்.

ஆனால் கியர்ஸ் எந்த ரோபோ அறுவைக்கும் பொதுவானது. புராஸ்டேட்டுக்கென்றே பேஸ் என்று ஒன்று இருக்கிறது. சிறுநீர்ப்பையைக் கீழிறக்குவதில் தொடங்கி நரம்புக் கற்றை, புராஸ்டேட்டின் நுனிப் பகுதி, சிறுநீர்ப்பையை யூரித்ராவோடு இணைக்கும் கடைசித் தையல் வரை ஏழு கட்டமாகப் பிரித்து மதிப்பிடுகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பயிற்சியில் இருப்பவரிடம் யாரும் முழு அறுவையையும் முதல் நாளே கொடுப்பதில்லை. முதலில் சிறுநீர்ப்பையை இறக்கச் சொல்கிறோம், கை பழகியபின் சிறுநீர்ப்பைக் கழுத்து, தையல். நரம்பைக் காப்பதும் நுனியும் கடைசியில். மதிப்பெண்ணும் அதே வரிசையில் இருந்தால் எங்கே தடுக்குகிறது என்று தெரியும்.

இனி என் புலம்பல். போன மாதம் ஒரே வாரத்தில் பயிற்சியில் இருக்கும் இரண்டு பேருக்கு மார்க் போட்டேன். பையன் சிறுநீர்ப்பைக் கழுத்துப் பகுதியைச் சரசரவென்று பிரித்தான், ஒரு வார்த்தை பேசவில்லை, பார்க்கவே அழகாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு வந்தது பெரிய மீடியன் லோப் (சிறுநீர்ப்பைக்குள் துருத்தும் புராஸ்டேட்டின் நடுப்பகுதி) உள்ள கேஸ். பாதியில் கருவிகளை நிறுத்தி, "சார், பின்சுவர் எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை, யூரிட்டர் வாய்களைப் பார்த்துவிட்டுத் தொடரலாமா?" என்று கேட்டாள் (சிறுநீரகக் குழாய்கள் சிறுநீர்ப்பையில் திறக்கும் இடங்கள் அவை). நான் அந்த இடத்தில் சொல்ல நினைத்தது அதைத்தான். ஆனால் தாளில் உதவியின்றிச் செய்ததற்கு அவளுக்கு 3, அவனுக்கு 5. கேட்டதற்குத்தான் மார்க் குறைந்தது. என் அம்மாவை அறுவைக்கு அனுப்புவதாக இருந்தால் யாரிடம் அனுப்புவேன் என்று (அம்மாவுக்குப் புராஸ்டேட் கிடையாது, தெரியும், சிரிக்காதே) அன்றிரவு யோசித்துக்கொண்டே இருந்தேன்.

தாளின் மேல் பழி போடவில்லை. அது கையை அளக்கிறது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதை அளக்க அதில் கட்டம் இல்லை, அவ்வளவுதான். நோயாளிக்கு என்ன ஆனது என்று பார்த்து மதிப்பிடலாம் என்பாய். சிறுநீர் அடக்கம் திரும்பப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். அதற்குள் பயிற்சியே முடிந்துவிடும். போதாததற்குப் பாதி அறுவை நாம் செய்தது. நல்லது யார் கணக்கு, கெட்டது யார் கணக்கு?

இப்போது நான் தாளின் ஓரத்தில் மூன்று விஷயம் கையால் எழுதுகிறேன்: கேஸ் எவ்வளவு கடினம், நான் எத்தனை முறை கன்சோலை அவர்களிடமிருந்து என் கைக்கு எடுத்துக்கொண்டேன், அவர்களாகவே எப்போது நிறுத்தினார்கள். கடைசி விஷயத்துக்கு எண் போடுவதில்லை, ஒரு வரி எழுதுவேன். அப்புறம் இன்னொன்று: பக்கத்தில் நின்று மார்க் போடாதே. பிடித்த பிள்ளைக்குக் கை தானாக 4 போட்டுவிடும், நான் போட்டிருக்கிறேன். பெயரை நீக்கிய வீடியோவை வேறொருவர் பார்க்கட்டும்.

அந்த வேறொருவர் இந்த முறை நீதான். நோயாளி விவரமோ குரலோ இல்லாமல், கடைசித் தையல் மட்டும் மூன்று வீடியோ அனுப்பியிருக்கிறேன். நிதானமாகப் பார்த்து மார்க் போட்டு அனுப்பு. மூன்றில் ஒன்று என்னுடையது. எது என்று உன் மார்க் வந்தபின் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்