நீலக் கிரையான் கோடுகளுக்கு நன்றி

நேற்று மாலை நம் நூலகத்தையும் சமூகக்கூடத்தையும் மீண்டும் திறந்துவிட்டோம். அந்தப் பெருமழை இரவில் கூடத்துக்குள் வெள்ளம் புகுந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கூரை நீரைத் தேக்கி வைக்க, படிகளோடு பள்ளமாக நான் வரைந்த மழைநீர் முற்றம்தான் அதற்குக் காரணம், அதை மண் கொட்டி மூடிவிடலாம் என்று முடிவாக இருந்ததும் தெரியும். அதைத் தடுத்தவை என் வரைபடங்கள் அல்ல. இரவுக் காவலர் ஐயா, நீங்கள்தான்.

ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் 60 மில்லிமீட்டர் மழை பெய்தால் 60,000 லிட்டர் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கணக்குச் சொன்னேன். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் உள்ள பெந்தம்பிளைன் சதுக்கத்தின் படங்களைக் காட்டினேன். 2013இல் திறந்த அந்த இடம் வெயில் நாளில் விளையாட்டுத் திடல். பெருமழையில் சுமார் 17 லட்சம் லிட்டரைத் தேக்கி வைக்கும். யாரும் மசியவில்லை.

நீங்களோ அந்த இரவில், யாரும் சொல்லாமலே, குழந்தைகள் பகுதியில் கிடந்த நீலக் கிரையானை எடுத்துக்கொண்டு முற்றத்துப் படிகளில் இறங்கியிருக்கிறீர்கள். அரைமணிக்கு ஒருமுறை நீர் நின்ற மட்டத்தில் சுவரில் ஒரு கோடு; பக்கத்திலேயே நேரம், உங்கள் மொழியின் எண்களில். மெழுகு என்பதால் ஒன்றுகூட அழியவில்லை. குழுவினர் முன் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வாசித்தீர்கள். நீர் நான்காம் படியைத் தாண்டவே இல்லை. விடிவதற்குள் வடிந்தும் விட்டது. கூடத்துக்குள் வெள்ளம் வந்தது தெருப்பக்க வாசல் வழியாக என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்க விடவில்லை. கோடுகளைப் பார்த்த மற்றவர்களும் தங்கள் எழுத்தில் ஆழ அளவு வேண்டும் என்று கேட்டார்கள். இப்போது ஐந்து வரிவடிவங்கள் இருக்கின்றன. பல மொழியினரின் கட்டடம் என்று நான் வரவேற்புப் பலகையில் மட்டும்தான் எழுதி வைத்திருந்தேன்.

சேறு அள்ளிய இளைஞர்கள், கூரைக் குழாய்களின் இலைக்குப்பையை அகற்றிய பிளம்பர்கள், வழிபாட்டுக்கு முன் கைகால் கழுவும் நீரைக் கழிவறைக் குழாயில் கலக்காமல் தோட்டத்துக்குத் திருப்பச் சொன்ன பெரியவர்கள், நனைந்த புத்தகங்களைத் தாள் தாளாக உலர்த்திய பெண்கள், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இனி எந்தப் பொதுக் கட்டடத்துக்கும், அந்த இடத்தைக் கூட்டித் துடைப்பவர்களையும் காவல் காப்பவர்களையும் கேட்காமல் நான் ஒரு கோடும் இழுக்க மாட்டேன். ஐயா, காவலறை மேசையில் ஒரு புதுக் கிரையான் பெட்டி வைத்திருக்கிறேன். அடுத்த பெருமழை இரவில் நானும் வருகிறேன். குடையும் விளக்கும் நான் பிடித்துக்கொள்கிறேன்.