கருவி வந்துவிட்டது, பேட் எப்போது வரும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

டெல்டா மாவட்ட மருத்துவமனைகளுக்குப் புதிய இதயக் கருவிகள் வரும் செய்திகளைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படிக்கிறேன். சந்தோஷம்தான். ஆனால் கும்பகோணத்தில் 22 வருடமாக சர்ஜிக்கல் கடை நடத்துகிறவன் என்ற முறையில், அந்தச் செய்திகளில் விட்டுப்போகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கருவியை ஒருமுறை வாங்கினால் போதும். அதோடு சேர்ந்த பேட் (மார்பில் ஒட்டும் பட்டை), கேபிள், பேட்டரி, எலக்ட்ரோடு எல்லாம் திரும்பத் திரும்ப வாங்க வேண்டியவை. அதற்கு யார் பணம் ஒதுக்குகிறார்கள், எங்கே இருப்பு வைக்கிறார்கள் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை.

சில மாதங்களுக்கு முன் பக்கத்து ஊர் கல்யாண மண்டபம் ஒன்றில் முதலுதவிப் பயிற்சி நடந்தது. சுவரில் ஏ.இ.டி. பெட்டி மாட்டியிருந்தது. தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவி அது. யாரோ நல்ல மனதோடு நன்கொடையாகக் கொடுத்தது. பச்சை விளக்கும் எரிந்தது. பேட் உறையைப் பிரித்தேன். மார்பில் ஒட்ட வேண்டிய ஜெல் ஓரமெல்லாம் சுருண்டு, விரல் பட்டதும் பொருக்காக உதிர்ந்தது. உறையில் பார்த்தால் எக்ஸ்பைரி முடிந்து இரண்டு வருடம். பேட்டரி நன்றாக இருந்ததால் விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அத்தனை நாளும் அதை நம்பி அந்த மண்டபத்தில் எத்தனை கல்யாணம் நடந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஒட்டாத பேடை வைத்துக்கொண்டு அந்த நிமிடத்தில் யாரால் என்ன செய்ய முடியும்?

புது பேட் வரவழைக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது. ஒரு கம்பெனி பேட் இன்னொரு கம்பெனிக் கருவியில் சேராது, பிளக்கே வேறு. சென்னை டீலர் முழுப் பணத்தையும் அட்வான்ஸாகக் கேட்டார், திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. பேடின் ஆயுளே பெரும்பாலும் இரண்டு, இரண்டரை வருடம்தான். கப்பலில் வந்து, குடோனில் கிடந்து, பார்சல் சர்வீஸில் கும்பகோணம் வந்து சேரும்போது பதினைந்து மாதம் மிச்சமிருந்தால் பெரிய விஷயம். விற்காவிட்டால் நஷ்டம் முழுக்க வாங்கி வைத்தவர் தலையில். அதனால்தான் எங்களைப் போன்ற கடைகளில் இதை யாரும் வாங்கி அடுக்குவதில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மாதம் ஒருமுறை என் கடைக்கு வருவார். அவர் மகனுக்கு நெஞ்சுக்குள், பலவீனமான இதயத்துக்குத் துணையாக ரத்தத்தைத் தள்ளும் இதய பம்ப் வைத்திருக்கிறார்கள். பம்பிலிருந்து ஒரு ஒயர் வயிற்று வழியாக வெளியே வந்து இடுப்பில் இருக்கும், பம்பை இயக்கும் கன்ட்ரோலரோடு சேர்கிறது. ஒயர் வெளியே வரும் இடத்தில் சீழ் பிடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த அம்மாவின் தினசரி வேலை. போன முறை வாங்கிய பிளாஸ்டரின் உறையை மஞ்சப்பையில் பத்திரமாகக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார். "தம்பி, இதே தானே? வேற குடுத்தா வேர்வையில உரிஞ்சிடுது" என்பார். நானும் அந்த உறையோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

பிளாஸ்டரும் காஸ் துணியும் என்னால் கொடுக்க முடிகிறது. பம்பின் பேட்டரிக்கு அவர் சென்னைக்குத்தான் போக வேண்டும். இரண்டு பேட்டரி சேர்ந்து அதிகபட்சம் சுமார் 17 மணி நேரம் ஓடும், அப்புறம் சார்ஜ் ஏற்றியாக வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது நம் பக்கத்து ஊர்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்தாலே அந்த அம்மாவுக்குத் தூக்கம் போய்விடுகிறது.

இதில் கம்பெனிகளை நம்பி இருப்பதன் ஆபத்தையும் பார்க்க வேண்டும். 2021 ஜூனில் மெட்ரானிக் நிறுவனம் எச்.வி.ஏ.டி. என்ற இதய பம்பின் விற்பனையை உலகம் முழுவதும் நிறுத்தியது. ஏற்கெனவே பொருத்திக்கொண்டவர்களுக்கு உதவி தொடரும் என்றார்கள். ஆனாலும் விற்பனை நின்றுபோன கருவிக்கான பேட்டரியையும் கன்ட்ரோலரையும் எதிர்பார்த்து வாழ்வது எப்படிப்பட்ட வாழ்க்கை!

நம் நாட்டில் புழங்கும் மருத்துவக் கருவிகளில் 70 முதல் 80 சதவீதம் இறக்குமதி என்கிறார்கள். டாலர் ஏறினால் என் கடையில் விலை ஏறுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. பெரும்பாலான கருவிகளுக்கு 5 சதவீதமாகக் குறைந்தது நல்ல உதவி. ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்கா வருவதும் நம்பிக்கை தருகிறது. நம்மால் செய்ய முடியாது என்பதில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கிய இதய வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வால்வையே செய்தவர்களுக்கு கேபிளும் எலக்ட்ரோடும் பேட்டரிப் பையும் எம்மாத்திரம்? பூங்காவில் பெரிய கருவிகளுக்குக் கொடுக்கும் சலுகையை இந்தச் சில்லறைச் சாமான்களுக்கும் கொடுத்தால் திருச்சி, தஞ்சைப் பக்கத்துச் சிறு தொழிற்கூடங்களும் கை வைக்கும் என்பது என் எண்ணம். உரிமம், தரச்சோதனை எல்லாம் முறைப்படி நடக்கட்டும். மருத்துவக் கருவி விற்பதற்கான எம்டி-42 பதிவுக்கு அலைந்தவன் நான், அது தேவைதான் என்றே சொல்வேன்.

உற்பத்திக்குக் காலம் பிடிக்கும். இருப்பு வைப்பதை நாளைக்கே தொடங்கலாம். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாவட்டக் கிடங்குகள் வைத்து மாத்திரை மருந்தை அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசேர்க்கிறது. அதே வழியில் தஞ்சாவூரில் டெல்டாவுக்குப் பொதுவாக ஒரு துணைப்பொருள் இருப்பு வையுங்கள். எந்த ஊரில் எந்தக் கம்பெனிக் கருவி, பேட் எப்போது முடிகிறது என்று ஒரு பதிவேடு போதும். ஆறு மாதம் மிச்சமிருக்கும் பேடைக் கூட்டம் அதிகமுள்ள மருத்துவமனைக்கு மாற்றிவிட்டால் வீணாகாது. இனிமேல் கருவிக்கு டெண்டர் போடும்போதே ஐந்து வருடத்துக்கான பேடும் பேட்டரியும் அதே விலையில் தவணை முறையில் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நன்கொடை கொடுக்கும் சங்கங்களுக்கும் இதையே கேட்டுக்கொள்கிறேன்: ஒரு பெட்டி குறைத்துக் கொடுங்கள், அந்தப் பணத்தில் மற்ற பெட்டிகளுக்கு பேட் வாங்குங்கள். இதய பம்போடு வாழ்கிறவர்களின் வீடுகளை மின்வாரியத்தின் பட்டியலில் சேர்த்து, புயல் எச்சரிக்கை வந்ததும் ஜெனரேட்டர் உள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் அவர்களுக்கு ஒரு சார்ஜிங் இடம் ஒதுக்குங்கள். இதற்குப் பெரிய செலவில்லை.

2028 மாசியில் கும்பகோணத்தில் மகாமகம். குளத்தைச் சுற்றி லட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்பார்கள், வயதானவர்களே அதிகம். ஏ.இ.டி. பெட்டிகள் நிச்சயம் வாங்குவார்கள். பேடையும் சேர்த்து முன்கூட்டியே வாங்கிக் கட்டி வைத்துவிட வேண்டாம். 2027 கார்த்திகைக்குள் கைக்கு வருகிற மாதிரி, உறையில் தேதி பார்த்து ஆர்டர் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சர்ஜிக்கல் கடைக்காரர் ஒருவர்,
கும்பகோணம்.