அந்த நோட்டீஸ்ல இல்லாத விஷயம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் குளச்சல் பக்கம், முப்பது வருசம் நர்ஸ் வேலை பாத்து ரிட்டயர்டு ஆனவ. போன மாசம் எங்க பஸ் ஸ்டாப்புல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க, 'ஆப்பிரிக்காவில் 2 வாரம் மருத்துவ சேவை, முன் அனுபவம் தேவையில்லை, சான்றிதழ் உண்டு'ன்னு, அதுக்கு கட்டணம் ஒன்றரை லட்சமாம். அதப் பாத்ததுல இருந்து மனசு ஆறல, அதான் எழுதுறேன்.

நானும் போயிட்டு வந்தவதான். கென்யாவுல விக்டோரியா ஏரிக்கரை, ஹோமா பே பக்கம், நடமாடும் மருத்துவ வண்டியில ஆறு வாரம். கரையில இறங்கினதும் எனக்கு நம்ம ஊரு வாடைதான் அடிச்சுது, ஓமெனான்னு ஒரு பொடி மீன், நம்ம நெத்தோலி மாதிரியே மணல்ல வலை விரிச்சு காயப் போட்டிருக்காங்க, சந்தையில மரச்சீனி கிழங்கு வேற குமிச்சு வச்சிருக்கு, பெறகு என்ன, ரெண்டு நாள்ல பழகிட்டு.

வேலை என்னன்னா பெரும்பாலும் காய்ச்சல். பிள்ளை விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து கிட்டுல விட்டு கால் மணி நேரம் காத்திருக்கணும், ரெண்டு கோடு விழுந்தா மலேரியா. மூணு நாளைக்கு ஆறு வேளை மாத்திரை, ஏதாவது சாப்பிட்டுட்டுத்தான் குடுக்கணும். ஆனா ரெண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மிச்சத்த எடுத்து வச்சிருவாங்க, நம்ம ஊர் அம்மாக்களும் அப்படித்தானே. அத அவங்க லுவோ பாஷையில உக்காத்தி வச்சு புரிய வைக்கிறது அந்த ஊர் சுகாதாரத் தொண்டர் பொண்ணுங்க, என்னால முடியாது. 2022ல மலேரியாவால செத்தவங்க 6 லட்சத்துக்கு மேலன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுல 95 சதவீதம் ஆப்பிரிக்காவுல, முக்காவாசிக்கு மேல அஞ்சு வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்க. அவங்க மேலயா சர்டிபிகேட்டுக்காகப் போற பையன் ஊசியப் பிடிச்சு பழகணும்?

ஒரு பாட்டிய சொல்லணும். பிரஷர் பாத்தா 190க்கு 110. மாத்திரை சாப்பிடுறீங்களான்னு கேட்டதும் துணி முடிச்ச அவுத்து ஒரு காலி அட்டைய எடுத்து நீட்டுனாங்க, நம்ம பாட்டிமாரு முந்தானையில காசு முடிஞ்சு வைப்பாங்கல்லா, அது மாதிரி. அம்லோடிபின், பிரஷர் மாத்திரை. ஆறு மாசத்துக்கு முன்னாடி வெளிநாட்டுல இருந்து ஒரு டீம் வந்து பத்து மாத்திரை குடுத்து, கூட நின்னு போட்டோ எடுத்துட்டுப் போயிட்டு. பதினொண்ணாம் நாளு என்ன செய்யணும்னு சொல்ல ஆளில்ல. பிரஷர் மாத்திரை காய்ச்சல் மாத்திரையா, பத்து நாள்ல தீர்றதுக்கு? எங்க வண்டி மாசாமாசம் அதே கிழமை அதே மரத்தடிக்கு வரும், அதனால தைரியமா முப்பது எண்ணிக் குடுத்து அடுத்த தேதிய கார்டுல எழுதுனேன். 'எரோகமனோ'ன்னாங்க, நன்றின்னு அர்த்தம். காலி அட்டைய மட்டும் திரும்ப வாங்கி முடிஞ்சுகிட்டாங்க.

பணம் கட்டப் போற பிள்ளைங்க, அந்த வண்டி அடுத்த மாசமும் அங்க போகுமான்னு மொதல்ல கேளுங்க. மஞ்சள் காய்ச்சல் ஊசி 10 நாளைக்கு முன்னாடியே போட்டு கார்டு கையில வச்சிருக்கணும், இல்லன்னா திரும்பி வரும்போது இங்க பிடிச்சு தனியா வச்சிருவாங்க, இதுகூட அந்த நோட்டீஸ்ல இல்ல.

டாக்டருக்கு படிச்சாத்தான் போலாம்னு நான் சொல்லல. ஒரு நாள் மழையில வண்டி கரிசல் சேத்துல இறங்கி அடியில இருக்கிற ஸ்பிரிங் பட்டை ஒடிஞ்சிட்டு, உள்ள தடுப்பூசி பெட்டி, 8 டிகிரிக்கு மேல போனா அம்புட்டும் வீண். டிரைவர் பழைய டியூப கிழிச்சு சுத்திக் கட்டி ஓட்டிட்டு வந்து சேத்தாரு, அன்னைக்கு எங்க யாரையும் விட அவருதான் பெரிய டாக்டர். இத எங்க தெரு வெல்டிங் பட்டறை பையன்கிட்ட சொன்னேன். 'நான் பத்தாங்கிளாஸ் பெயிலு சிஸ்டர், என்னைய எல்லாம் எடுப்பாங்களா'ன்னு கேக்கான். அடுத்த தடவை டிக்கெட் எடுத்தா அவனத்தான் கூட்டிட்டுப் போவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர்,
குளச்சல்.